இரண்டாயிரம் வயதுக்காரர்கள்

மருத்துவமனையின் சீட்டு அறையில் இரண்டு ஜன்னல்கள். அடிஸ் அபாபாக்காரர்களுக்கு முதல் ஜன்னல். மேற்கிலிருந்து பேருந்தில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டாவது. நோயாளிகளின் காகிதச் சீட்டுகளை இரண்டு அலமாரிகளில் பிரித்து அடுக்கிய காலத்து வழக்கம் அது. கணினி வந்து ஆறு வருடமாகியும் யாரும் அதை மாற்றவில்லை. கணினிக்குள்ளும் அதே இரண்டு அலமாரிகளைக் கட்டிவைத்துவிட்டு, நவீனமயமாகிவிட்டோம் என்று கேக் வெட்டினார்கள்.

முதல் ஜன்னலில் பெயரைச் சொன்னதும் சீட்டு திரையில் வந்துவிடும். இரண்டாவதில் பெயரைச் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். சில சமயம் ஒரு நிமிடம், சில சமயம் இரண்டு. அதற்குள் வரிசை சுவரைத் தாண்டி, வாசலைத் தாண்டி, வெளியே காப்பி விற்கும் பெண்ணின் முக்காலி வரைக்கும் போய்விடும்.

காரணம் இரண்டாம் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் அஸ்கலேயின் விரல்கள்தான் என்று மெகுரியா முடிவு கட்டியிருந்தார்.

மெகுரியா அந்தக் கணினி நிரலை எழுதி மருத்துவமனைக்கு விற்ற நிறுவனத்தின் தலைவர். அவருடைய அலுவலகத்தில் கோளாறுக்குக் காரணம் தேடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மின்சாரம், அடுத்து இணையம், அடுத்து மழை, கடைசியில் மனிதர்கள். அந்த மனிதர்களில் மெகுரியா ஒருபோதும் சேர்த்தி இல்லை. திங்கள்கிழமை காலை, லிஃப்ட் ஓடாத கட்டடத்தின் நான்காவது மாடியில், மருத்துவமனைத் தலைவி டாக்டர் லுலித் அனுப்பிய கடிதத்தை அவர் வாசித்துக் காட்டினார். உங்கள் ஆலோசனைப்படி வெள்ளிக்கிழமையிலிருந்து அஸ்கலேயைச் சீட்டு அறையிலிருந்து எடுத்து சலவைக் கிடங்குக்கு அனுப்புகிறோம் என்று அதில் இருந்தது.

"பாத்தீங்களா, பிரச்சினை முடிஞ்சுது" என்றார் மெகுரியா.

ஒன்பது வருடமாக அவரிடம் வேலை செய்யும் யோதித் மேசையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தாள். கூட்டங்களில் அவள் அதிகம் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று மெகுரியா எடுத்துக்கொள்வார். அது பெரும்பாலும் இகழ்ச்சி என்பது பக்கத்தில் உட்காரும் சுராஃபெலுக்கு மட்டும் தெரியும்.

"காஷே, நாம அளந்து பாத்தோமா?" என்றாள். காஷே என்பது அங்கே மூத்தவரை மரியாதையாக அழைக்கும் சொல்.

"சுராஃபெல் அளந்துட்டான். சொல்லுப்பா."

சுராஃபெல் தன் மடிக்கணினியைப் பார்த்தபடியே சொன்னான். "ஒரு தேடலுக்குச் சராசரி ஏழு செகண்ட்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும் சேத்து."

"முதல் ஜன்னல்ல ஹப்தாமு கண் சிமிட்டுறதுக்குள்ள முடிக்கிறான். ரெண்டாவதுல அந்த அம்மா ரெண்டு நிமிஷம் காத்திருக்காங்க. ரெண்டையும் ஒரே பானைல கலக்கி ஏழுன்னு ஊத்திக் குடுக்கிற. அந்த ஏழு செகண்ட்ட அங்க ஒருத்தர்கூட கண்ணால பாத்ததில்ல, தெரியுமா?"

சுராஃபெல் சிரித்தான். மெகுரியா சிரிக்கவில்லை. "அப்ப நீயே போய்ப் பாத்துட்டு வா. வெள்ளிக்கிழமை வரைக்கும் உனக்கு வேற வேலை இல்லன்னு வெச்சுக்க." தண்டனையாகத்தான் சொன்னார். அவளுக்கு அது விடுமுறை மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை அஸ்கலேயின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அஸ்கலேக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். அங்கே எல்லோருக்கும் அவள் எத்தியே, அக்கா. டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். சலவைக் கிடங்குக்கு அனுப்பும் கடிதத்திலும் மறக்காமல் 'எத்தியே அஸ்கலே' என்றே எழுதியிருந்தார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"என் விரலப் பாக்க வந்தியா?" என்று திரும்பாமலே கேட்டாள் அஸ்கலே.

"மெஷினப் பாக்க வந்தேன், எத்தியே."

"மெஷின யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். அது ரொம்பப் பெரிய இடம்."

அவள் விரல்கள் நன்றாகவே ஓடின. தட்டச்சுப் பள்ளியில் படித்த விரல்கள். எழுத்துகளைத் தேடாமல் விழுந்தன. பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர் என்று மூன்றையும் அடித்து முடிக்க நான்கு விநாடி. அதற்குப் பிறகு திரை வெறுமையாக நின்றது. ஜன்னலுக்கு வெளியே தோளில் வெள்ளைப் போர்வை போட்ட ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யோதித் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு விநாடி. அவ்வளவு நேரமும் அஸ்கலேயின் கைகள் மடியில் இருந்தன. பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் கைகள் மட்டும்தான் தெரியும். வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் என்றுதான் நினைப்பார்கள்.

பத்துத் தேடல்களைக் குறித்துக்கொண்டதும் யோதித் எழுந்து போய் முதல் ஜன்னல் ஹப்தாமுவைக் கூப்பிட்டாள்.

"ஒரு மணி நேரம் நீ அங்க உக்காரு. அவங்க இங்க உக்காரட்டும்."

"எதுக்கு?"

"சும்மா. காத்து நல்லா வருதான்னு பாக்கலாம்."

ஹப்தாமு இரண்டாம் ஜன்னலில் உட்கார்ந்தான். பெயரை அடித்தான். திரை நின்றது. விசையை ஒருமுறை தட்டினான். பிறகு நான்குமுறை தட்டினான். "என்னடா இது" என்று கணினியின் பக்கவாட்டில் அறைந்தான். முதல் ஜன்னலில் உட்கார்ந்த அஸ்கலே அதற்குள் மூன்று பேரை அனுப்பியிருந்தாள். அடுத்து இரண்டு கணினிகளையும் இடம் மாற்றிவைத்தார்கள். கணினி மாறியும் மந்தம் இரண்டாம் ஜன்னலை விட்டு நகரவில்லை.

ஆள் காரணமில்லை, கணினியும் காரணமில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பிடித்த நேரம் முப்பது நிமிடம். நாற்காலியை மாற்றிப் பார்க்கலாம் என்பது ஆறு வருடமாக இந்த ஊரில் படித்தவர் யாருக்கும் தோன்றவில்லை. கடிதம் எழுதலாம் என்று மட்டும் தோன்றியிருக்கிறது.

ஹப்தாமு அங்கே இருக்கும்போதே முதல்முறையாக வரும் ஒரு கிழவி ஜன்னலுக்கு வந்தாள். புதுச் சீட்டு போட வேண்டும்.

"எப்பப் பொறந்தீங்க, அம்மா?"

"இத்தாலிக்காரன் ஓடினதுக்கு அப்புறம். ஒரு மழைக்காலமோ ரெண்டோ கழிச்சு. எங்க அம்மா சொன்னா, எனக்கு ஞாபகமில்ல."

ஹப்தாமு யோசிக்காமல் அடித்தான். எத்தியோப்பிய நாட்காட்டியின் வருடப் பிறப்பு நாள், மெஸ்கெரெம் ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.

"அது எங்கேருந்து வந்துச்சு?" என்று யோதித் கேட்டாள்.

"தெரியாதவங்களுக்கெல்லாம் நாப்பதுதான். என் ஜன்னல்ல அம்பது வயசுக்காரர்கூட நாப்பதுல பொறந்தவருதான். வருஷப் பொறப்பன்னிக்கு முந்நூறு பேருக்குப் பொறந்தநாள். நல்ல நாள்தானே?"

முதல் ஜன்னலிலிருந்து அஸ்கலே பேசினாள். "டாக்டர் வயசப் பாத்துத்தான் மருந்தோட அளவ எழுதுறாரு. இவன் பாட்டுக்கு எழுபத்தஞ்சுன்னு வெக்கிறான். வந்தவங்களுக்கே தெரியாதத நான் எங்கேருந்து எழுதுவேன்? தெரியலன்னா காலியா விட்டுடுவேன். டாக்டர் மூஞ்சியப் பாத்துக் கேட்டுக்குவாரு."

"அதான் எத்தியேவுக்கு நேரமாகுது" என்றான் ஹப்தாமு. "பொய் சொல்ல வராது."

யோதித் அதை நகைச்சுவை என்று நினைத்துக் கொஞ்சம் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அவளுக்கே உறுத்தியது.

புதன்கிழமை நோன்பு நாள். சுராஃபெல் கொண்டுவந்த பருப்புக் குழம்பும் இஞ்சேரா ரொட்டியும் மேசை ஓரத்தில் ஆறிக்கொண்டிருந்தன. யோதித் வேலையில் இருந்தாள். ஒரு நிரல் என்பது நூற்றுக்கணக்கான சின்னத் துண்டுகள். பெயரைத் தேட ஒரு ஃபங்ஷன், சீட்டை வரைய ஒன்று, வயதைக் கணக்கிட ஒன்று. ஒன்று இன்னொன்றைக் கூப்பிடும். அது வேறொன்றைக் கூப்பிடும். எது தாமதிக்கிறது என்று ஊகிப்பவர்களை அவளுக்குப் பிடிக்காது. ஒவ்வொரு ஃபங்ஷனும் தன்னைக் கூப்பிட்டதும் நேரத்தை எழுதிவைக்க வேண்டும், முடித்துத் திரும்பும்போதும் எழுதிவைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். வேலைக்கு வருபவர்கள் வாசலில் கையெழுத்திடுவது போல. பிறகு இரண்டாம் ஜன்னலின் பழைய தேடல் ஒன்றை, அதே பெயரை வைத்து, ஓடவிட்டாள்.

நாற்பத்தெட்டு விநாடி. அதில் நாற்பத்தேழு விநாடி ஒரே ஃபங்ஷனுக்குள் கழிந்திருந்தது. வயதைக் கணக்கிடும் ஃபங்ஷன்.

அந்தப் பெயரோடு ஒத்துப்போகும் எழுபது பேர் இருந்தார்கள். ஆனால் ஃபங்ஷன் எழுநூற்று நாற்பது முறை கூப்பிடப்பட்டிருந்தது. பட்டியலை வயதுப்படி அடுக்கும்போது, இரண்டு பேரை ஒப்பிடும் ஒவ்வொரு முறையும், நிரல் முன்பே கணக்கிட்ட வயதை மறந்துவிட்டு மறுபடி கணக்கிடுகிறது. முட்டாள்தனம்தான். ஆனால் அதே முட்டாள்தனம் முதல் ஜன்னலிலும் உண்டு. அங்கே ஒரு விநாடிகூட ஆவதில்லை.

ஃபங்ஷனைத் திறந்தாள். அது மெகுரியாவின் சொந்தக் கைவேலை. பன்னிரண்டு வருடமாக எந்த வாடிக்கையாளர் வந்தாலும் அவர் சொல்லும் கதை அது. வெளிநாட்டுக்காரன் எழுதியதெல்லாம் பன்னிரண்டு மாதத்தோடு முடிந்துவிடுகிறது, நம் நாட்காட்டியின் பதின்மூன்றாவது மாதத்தைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். கற்றுக்கொடுத்த விதத்தை இப்போதுதான் அவள் முழுதாக வாசித்தாள். பிறந்த நாளில் தொடங்கி ஒரு நாள் முன்னே போ. மாதம் முடிந்ததா பார். பதின்மூன்றாவது மாதமென்றால் ஐந்து நாளா ஆறு நாளா பார். வருடம் முடிந்ததா பார். இன்றைய தேதி வந்துவிட்டதா பார். வரவில்லையென்றால் இன்னும் ஒரு நாள் போ. நான்கு வருடத்துக்கு ஆயிரத்து நானூற்று அறுபத்தொரு நாள் என்று ஒரு வகுத்தலில் முடிய வேண்டியதை, மனிதன் பிறந்ததிலிருந்து இன்றுவரை கால்நடையாகவே நடந்து முடிக்கிறது.

நாற்பது வயதுக்காரருக்குப் பதினான்காயிரம் அடி. கணினிக்கு அது பெரிதில்லை. அலுவலகத்தில் சோதனைக்கு வைத்திருந்த நோயாளிகள் எல்லோரும் அலுவலகத்துக்காரர்களே. சுராஃபெலின் பிறந்த நாள், மெகுரியா மகளின் பிறந்த நாள். எல்லோருக்கும் தேதி தெரியும். எல்லோரும் இளையவர்கள். அதனால் இந்த அலுவலகத்தில் எந்தத் தேடலும் மெதுவாக இருந்ததே இல்லை.

நேரத்தோடு, ஒவ்வொரு முறையும் ஃபங்ஷனிடம் கொடுக்கப்பட்ட பிறந்த தேதியையும் எழுதச் சொல்லி மறுபடி ஓட்டினாள். பட்டியல் இறங்கியது. மெஸ்கெரெம் ஒன்று, வருடம் ஒன்று. மெஸ்கெரெம் ஒன்று, வருடம் ஒன்று. மெஸ்கெரெம் ஒன்று, வருடம் ஒன்று.

அஸ்கலே காலியாக விட்ட ஒவ்வொருவரையும் கணினி முதலாம் ஆண்டில் பிறந்தவராக எடுத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து இன்றைக்கு, இரண்டாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டுக்கு, ஒவ்வொரு முறையும் ஏழு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் நாளுக்கு மேல் நடந்து வருகிறது. எழுநூற்று நாற்பது தடவை. பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது இதற்காகத்தான்.

காலியை முதலாம் ஆண்டாக்கும் வரி எங்கே இருக்கிறது என்று தேடினாள். யார் எழுதினார்கள் என்ற பதிவும் அதன் பக்கத்திலேயே இருக்கும். எந்த மடையன் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே திறந்தாள்.

யோதித். ஆறு வருடத்துக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை.

ஞாபகம் வந்தது. தேதி காலியாக இருந்தால் நிரல் நின்றுவிடுகிறது என்று யாரோ தொலைபேசியில் கத்தினார்கள். அவள் மூன்று வரி எழுதினாள். வயது நூற்றைம்பதைத் தாண்டினால் திரையில் எண்ணுக்குப் பதில் ஒரு கோடு போடவும் ஏற்பாடு செய்தாள், அசிங்கமாகத் தெரியக் கூடாதென்று. அதற்கு மேலே 'தற்காலிகம்' என்று குறிப்பும் எழுதியிருந்தாள். குறிப்பு மட்டும் ஒழுங்காக இருந்தது.

சுராஃபெல் எட்டிப் பார்த்தான். "கெடச்சுதா?"

"கெடச்சுது."

"யாரு?"

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். குழம்பு ஆறிப்போயிருந்தது. அதை அப்படியே சாப்பிட்டாள். மெகுரியாவை ஒன்பது வருடமாக ஏளனம் செய்து சேர்த்துவைத்த சொற்களெல்லாம் கைவசம் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட மாற்றம் தேவைப்படாமல் அவளுக்கும் பொருந்தியது. அவர் மெதுவாக நடக்கும் ஒருவனைச் செய்தார். அவள் அவனை இரண்டாயிரம் வருடம் தள்ளி நிறுத்தினாள். உண்மையை எழுதிய ஒரே ஆளுக்கு அந்தத் தாமதத்தைக் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை மெகுரியா முழுவதையும் கேட்டார். தன் ஃபங்ஷனைப் பற்றிய பகுதி வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது தப்பான விடை குடுக்குதா?"

"இல்ல காஷே. சரியான விடைதான். நடந்து போய்க் கொண்டுவருது."

"அப்ப தப்புன்னு சொல்லாத." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "சரி. இன்னிக்கே மாத்திடு. புது பதிப்புன்னு அனுப்பு. நாளைக்குக் கூட்டத்துல, ஊழியர மாத்தினாங்க, வேகமாயிடுச்சுன்னு இருக்கட்டும். எல்லாருக்கும் கௌரவமா முடியும்."

"எல்லாருக்கும்னா?"

"அந்தம்மாவ வீட்டுக்கா அனுப்புறாங்க? சலவைக் கிடங்கு. உக்காந்துதான் வேலை." பிறகு மென்மையாகச் சொன்னார். "அந்த வரி உன்னோடது, யோதித். நான் ஏன் அத டாக்டர்கிட்ட சொல்லணும்? நீயும் சொல்லாத."

அதில் இருந்த அன்பு உண்மையானது. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவள் எதுவும் சொல்லாமல் எழுந்து வந்தாள். மெகுரியா வழக்கம்போல அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே இரண்டையும் மாற்றினாள். நடப்பதற்குப் பதில் ஒரு வகுத்தல். காலி என்றால் காலி; அதற்கு வயது இல்லை, கணக்கும் இல்லை. நாற்பத்தெட்டு விநாடி எடுத்த தேடல் அரை விநாடிக்குள் முடிந்தது. பழைய நிரலை அழிக்காமல் மடிக்கணினியில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் லுலித்தின் அறையில் மெகுரியா பயிற்சியின் அவசியம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அஸ்கலேயும் இருந்தாள். கதவோரத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கிடங்குச் சாவியை வாங்கிக்கொள்ள வந்தவள் போல.

அவர் மூச்சு வாங்கிய இடத்தில் யோதித் மடிக்கணினியை டாக்டர் பக்கம் திருப்பினாள்.

"இது நேத்து வரைக்கும் இருந்தது. நானே அடிக்கிறேன், எத்தியே இல்ல. பாருங்க."

நான்கு பேரும் வெறும் திரையைப் பார்த்தார்கள். பத்து விநாடி. இருபது. மெகுரியா தொண்டையைச் செருமினார். முப்பது. அந்த மௌனத்தில் டாக்டரின் சுவர்க் கடிகாரம் கேட்டது. அஸ்கலே தினமும் இருநூறு தடவை உட்கார்ந்திருந்த மௌனம் அது. நாற்பத்தெட்டில் பட்டியல் வந்தது. பிறகு புதியதை ஓட்டினாள். விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் வந்துவிட்டது. என்ன நடந்தது என்று ஐந்து வாக்கியத்தில் சொன்னாள்.

டாக்டர் லுலித் கண்ணை மூடித் திறந்தார். "எங்க ஆஸ்பத்திரில ரெண்டாயிரம் வயசுல எத்தன பேரு இருக்காங்க?"

"பதினோராயிரத்து எழுபது பேரு."

"நல்லாப் பாத்துக்கிறோம் போல இருக்கு."

மெகுரியா சொன்னார், "டாக்டர், காலியா இருக்கிறத முதல் வருஷமாக்கின வரி நான் எழுதினதில்ல. அது வேற ஒருத்தர்..."

"நான்" என்றாள் யோதித். "நடக்க வெச்சது அவரு. அங்க கொண்டுபோய் நிறுத்தினது நான். ஒரு கடிதத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் தர்றோம். எத்தியேவோட விரல்ல குறையில்லன்னு எழுதி."

மெகுரியா கூரையைப் பார்த்தார். கையெழுத்து போடமாட்டேன் என்று சொல்லவும் அவரால் முடியவில்லை. டாக்டர் தன் பழைய கடிதத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். மேசையின் மேலிருந்த கிடங்குச் சாவியை இழுப்பறைக்குள் திரும்பப் போட்டார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. "வரிசை நிக்குது, எத்தியே" என்று மட்டும் சொன்னார்.

யோதித் அவளோடு சீட்டு அறைவரை நடந்தாள். அஸ்கலே நாற்காலியில் உட்கார்ந்து, பையை ஆணியில் மாட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ஜன்னலில் நின்றவரின் மூன்று பெயர்களை அடித்தாள். சீட்டு உடனே வந்தது. அவளுடைய கைகள் பழக்கத்தில் மடியை நோக்கிப் போயின. பாதி வழியில் நின்று திரும்பின.

"அந்த வரிய எழுதறப்ப என்ன நெனச்ச?" என்று கேட்டாள், திரையைப் பார்த்தபடி.

யோதித் யோசித்தாள். "ஒண்ணும் நெனைக்கல, எத்தியே."

"தெரியுது."

அவள் அடுத்தவரைக் கூப்பிட்டாள். யோதித் போகவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராக வரிசை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த ஒருவரிடம் அஸ்கலே பிறந்த வருடம் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அஸ்கலே அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போனாள்.